ஜெனரேட்டர் இழுக்க ஒரு குட்டி ஜீப்

ஜெனரேட்டர் வாடகைக்கு விடும் தொழிலில் ஊருக்கெல்லாம் வெளிச்சம், நம் வீட்டில் மட்டும் டீசல் வாடை. இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது வாக்கில், கரண்ட் எப்போது போகும் என்று கேட்டவர்களெல்லாம் எப்போது வரும் என்று கேட்கத் தொடங்கியிருந்தார்கள். அப்போது விருதுநகரில் எங்கள் வீட்டு டெலிபோன் அடித்த அடி கோயில் மணிகூட அடித்திருக்காது. என் வீட்டுக்காரர் வெளியில் அலைவார். போனை எடுப்பது, ஆர்டர் எழுதுவது, கிளம்பாத வண்டியைக் கிளம்பிவிட்டது என்று சொல்வது எல்லாம் என் பாடு. கன்னியாஸ்திரிகள் பன்னிரண்டு வருஷம் பாடுபட்டு எனக்கு உண்மை பேசவும் இங்கிலீஷ் படிக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். உண்மை பேசுவது இந்த டெலிபோனிலேயே செலவழிந்துபோனது. இங்கிலீஷ் எதற்கென்று தெரியாமல் ரொம்ப நாள் சும்மா கிடந்தது.

எங்களிடம் இருந்தவை இரண்டு சக்கர ட்ரெய்லரில் ஏற்றிய மூன்று ஜெனரேட்டர்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு டன். இழுக்க ஒரு கிழட்டு வேன். ஓட்ட பரமசிவம் அண்ணன். அந்த வேனுக்குப் பதிலாக ஒரு வண்டி தேடி நாங்கள் அலைந்த ஒரு வருஷக் கதைதான் இது. புருஷன் ஒரு வண்டியைப் பார்க்க, டிரைவர் ஒன்றைப் பார்க்க, வாசலில் மூன்றாவதாக ஒன்று வந்து நின்ற வீடுகளில் குடித்தனம் செய்கிறவர்களே, உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

சாமி இல்லாத தாள்

முதல் பாடம் ஆமத்தூர்ப் பக்கம் ஒரு அச்சாபீசில். ஐப்பசி மழை. தீபாவளிப் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் பாக்கி, காலண்டர் ஆர்டர் வேறு மேலே மேலே. கரண்ட் இல்லை. ரோட்டிலிருந்து அச்சாபீசுக்குக் கரிசல் காட்டு வழியாக ஒரு மண்பாதை. என் அண்ணன் மகள் கல்யாணப் பத்திரிகை அங்கேதான் அச்சாகிறது, பிழை பார்க்க வேண்டுமென்று நானும் ஏறிக்கொண்டேன். கரிசல் மண் காய்ந்தால் பாறை, நனைந்தால் அல்வா. பாதி வழியில் வேனின் பின்சக்கரம் இரண்டும் அல்வா கிண்டத் தொடங்கின. முன்சக்கரம் இரண்டும், வீட்டில் வேலை நடக்கும்போது பேப்பர் படிக்கும் ஆம்பளைகள் மாதிரி, சும்மா பார்த்துக்கொண்டிருந்தன.

அச்சாபீஸ் பெண்கள் ஐந்தாறு பேர் ஓடி வந்தார்கள். எங்கள் பக்கம் சேற்றில் சக்கரம் மாட்டினால் கல்லைத் தேடமாட்டார்கள், அச்சில் கழிந்த தாளைக் கட்டாகக் கொண்டுவந்து டயருக்கு அடியில் திணிப்பார்கள். முதல் கட்டைப் பிரித்தால் மகாலட்சுமி. அதை நெஞ்சோடு அணைத்து அப்படியே திருப்பி எடுத்துப் போனார்கள். அடுத்த கட்டு முருகன். அதற்கடுத்தது பிள்ளையார். ஒரு கட்டில் மாதா படம் வந்தது, அதற்கு நானே குறுக்கே நின்றேன். பிறகு கன்னத்தில் கைவைத்துச் சிரிக்கும் குழந்தை. பச்சப்புள்ள மூஞ்சியில டயர ஏத்துவாகளா என்று ஒருத்தி அதையும் வாங்கி மடக்கிக்கொண்டாள். கடைசியில் ஏதோ வெளிநாட்டுப் பனிமலைப் படம் நாலே நாலு தாள் கிடைத்தது. மண் அதை ஒரு வாயில் விழுங்கிவிட்டது.

அச்சாபீஸ் லோடுமேன் ஒருவர் ஸ்டியரிங்கில் உட்கார, பரமசிவம் அண்ணன் ட்ரெய்லருக்குத் தோள் கொடுத்தார். நாங்களும் கை வைத்தோம், ஆனால் பாரம் ஏறியது அவர் முதுகில்தான். ஒருவழியாக வண்டி மேட்டில் ஏறியபோது அவர் நிமிராமல் வளைந்தபடியே கொஞ்ச நேரம் நின்றார், செருப்பைத் தேடுகிறார் போல என்று நினைத்துக்கொண்டேன். இம்புட்டுத் தாள் அடிக்கிற இடத்தில் அவசரத்துக்கு மிதிக்க நாலு தாள் கிடையாதா என்று அந்தப் பெண்களிடம் எரிந்து விழுந்தேன். மகாலட்சுமியை அணைத்துக்கொண்டு போனவள் நிதானமாகச் சொன்னாள்:

"சாமி இல்லாத காலண்டருக்கு இந்த வருசம் ஆர்டரே வரலக்கா."

உட்கார்ந்து ஓட்டுகிற வேலை

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பரமசிவம் அண்ணனின் மனைவி பேச்சியம்மாள் பின்வாசல் வழியாக வந்தாள். பட்டாசுக் கம்பெனியில் பெட்டி கட்டுகிறவள், விரலெல்லாம் அலுமினியப் பொடியில் வெள்ளி மின்னும். காபி கொடுத்தேன். தம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். பரமசிவம் அண்ணனுக்கு முதுகெலும்பில் தட்டு விலகியிருக்கிறதாம். வண்டி ஓட்டலாம், ஆனால் தூக்கக் கூடாது, தள்ளக் கூடாது, குனியக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அண்ணாச்சிக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு, தெரியக் கூடாது என்று அண்ணன் இவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். சத்தியம் செய்தது அண்ணாச்சியிடம் சொல்லமாட்டேன் என்றுதானே, அதனால் என்னிடம் வந்துவிட்டாள்.

பயம் நியாயமானதுதான். என் வீட்டுக்காரர் கெட்டவரில்லை. ஆனால் தொழிலில் அவருடைய இரக்கம் காலை பத்து மணிக்குமேல் தங்காது. கை ஒடிந்த ஒரு லோடுமேனிடம், நல்லா ஆகிட்டு வாப்பா என்று அன்பாகத்தான் சொன்னார். அவன் நல்லா ஆகி வந்தபோது அந்த இடத்தில் வேறொருவன் இருந்தான். டிரைவர் வேலை போனால் பரமசிவம் அண்ணனுக்கு மிச்சமிருப்பது, பத்து வருஷத்துக்கு முன் அவர் விட்டுவிட்டு வந்த வெடிமருந்து கலக்கும் ஷெட்டுதான். அந்த ஷெட்டில் கூட வேலை பார்த்தவர்களில் யார் யார் இப்போது இல்லை என்று பேச்சியம்மாள் விரல்விட்டுச் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்தினாள். பிறகு தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுச் சொன்னாள்:

"உக்காந்து ஓட்டுற வேலைதானக்கா. இறங்கவிடாம உக்கார வச்சே வச்சிருங்க."

எட்டு ஸ்பீக்கர்

இனி நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிதான் என்று வீட்டில் முடிவாகச் சொல்லிவிட்டேன். காரணத்தில் பாதியைச் சொன்னேன். வண்டி மாட்டினால் ஆர்டர் போகிறது என்பது அந்தப் பாதி. முதுகு பற்றிய பாதி என்னோடு இருந்தது. உடனே ஆளாளுக்கு டிராக்டர் என்றார்கள். எங்கள் சந்தில் டிராக்டர் நுழைய வேண்டுமானால் எதிர்வீட்டுக்காரர் வாசற்படியைக் கழற்றி உள்ளே வைக்க வேண்டும். காரியாபட்டியில் ஒரு முகூர்த்தத்துக்கு டிராக்டரில் கிளம்பினால் பந்திக்குத்தான் போய்ச் சேரலாம். ஆகவே சின்ன வண்டி வேண்டும், கனமாகவும் இருக்க வேண்டும், நாலு சக்கரமும் இழுக்க வேண்டும். வரன் தேடும்போதுகூட இவ்வளவு நிபந்தனை போட்டதில்லை.

மதுரையில் ஒரு ஷோரூம். கண்ணாடிக்குள் வெள்ளி நிறத்தில் ஒன்று நின்றது. என் வீட்டுக்காரருக்கு அதைப் பார்த்ததும் முகம் மாப்பிள்ளை முகமாகிவிட்டது. டை கட்டிய பையன் ஒருவன் சீட்டு மடங்குவதைக் காட்டினான், கண்ணாடி தானாக இறங்குவதைக் காட்டினான், தம்ளர் வைக்கும் குழியைக் காட்டினான். ட்ரெய்லருக்குக் கொக்கி எங்கே போடுவது, பிரேக் இல்லாத ட்ரெய்லராக இருந்தால் எவ்வளவு கனம் இழுக்கலாம் என்று இங்கிலீஷிலேயே கேட்டேன். பரமசிவம் அண்ணன் ஒரு மூலையில் சுவரோடு முதுகை ஒட்டி நின்றிருந்தார். அந்தப் பையன் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தான், புத்தகத்தைப் புரட்டினான், என்னைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"மேடம், இழுக்கிறது பத்தி இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. ஆனா இதுல எட்டு ஸ்பீக்கர் இருக்கு."

நில் என்றால்

சாத்தூரில் மிளகாய் வத்தல் வியாபாரி ஒருவர் தன்னிடமிருந்த நாலு சக்கர இழுவை பெட்ரோல் வண்டியை விற்பதாகச் சொன்னார். குட்டி வண்டி, பஞ்சு மாதிரி லேசு. ஜெனரேட்டரை மாட்டி இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள் என்று பெருந்தன்மையாகக் கொடுத்தார். இழுத்தது, குறை சொல்ல முடியாது. மேட்டில் ஏறியது, மணலில் ஏறியது. என் வீட்டுக்காரர் அன்றே பேசி முடித்துவிடலாம் என்றார்.

சாத்தூர்ப் பாலத்து இறக்கத்தில் குறுக்கே ஆட்டு மந்தை வந்தது. பரமசிவம் அண்ணன் பிரேக்கை மிதித்தார். வண்டி நின்றது, பின்னால் வந்த ஜெனரேட்டர் நிற்க ஒப்பவில்லை. சீர் குறைந்த சம்பந்தி மாதிரி முதுகில் கைவைத்து நெட்டித் தள்ளியது. குட்டி வண்டி ஒரு பக்கமாகத் திரும்பி, ரோட்டுக்குக் குறுக்காகப் போய், கைப்பிடிச் சுவருக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. ஆடுகள் எங்களைச் சட்டைசெய்யாமல் கடந்து போயின. இழுக்கிற வண்டி, இழுபடுகிற பாரத்தைவிட லேசாக இருந்தால் பாரம்தான் வண்டியை ஓட்டும் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. பரமசிவம் அண்ணன் இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுக்காமலே சொன்னார்:

"இழுக்குறது பெருசில்லக்கா. நில்லுன்னா நிக்கணும்ல."

வாட்ச்மேன் பிடித்த பாம்பு

கொக்கி விட்டுப்போனாலும் ட்ரெய்லர் ஓடிப்போகாமல் இருக்க வண்டிக்கும் ட்ரெய்லருக்கும் நடுவே ஒரு இரும்புச் சங்கிலி போடுவது வழக்கம். சாத்தூர் வண்டியைத் திருப்பிக் கொடுத்த கையோடு மறுபடி பழைய வேனிலேயே ஒரு பட்டாசுக் கம்பெனி ஆபீசுக்கு ஜெனரேட்டர் கொண்டுபோனோம். கேட்டுக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கும்போதே வாட்ச்மேன் செருப்பில்லாத காலோடு ஓடிவந்தார். வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை, பின்னால் பாய்ந்து சங்கிலியைப் பாம்பைப் பிடிப்பது மாதிரி இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டார். வண்டி நிற்கும்வரை அப்படியே கூட ஓடினார். சங்கிலி நீளமாகி, தரையில் உரசிக்கொண்டு வந்திருக்கிறது. உரசினால் பொறி. அந்தக் காம்பவுண்டுக்குள் நூறு பேர் மருந்தோடு உட்கார்ந்திருந்தார்கள்.

நான் இறங்கி மன்னிப்புக் கேட்டேன். அவர் திட்டவில்லை. சங்கிலியைச் சணல் சாக்கில் சுற்றி, தேங்காய்நார்க் கயிற்றால் கொக்கியோடு உயர்த்திக் கட்டினார். புகைக்குழாய் வாயில் பொறி பறக்காமல் தடுக்கும் வலைமூடி இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். என்ன வண்டி வாங்கலாம் என்று இவரிடமும் கேட்டுவைத்தேன். அப்போதெல்லாம் எதிர்ப்பட்ட எல்லாரிடமும் கேட்டேன், பூக்காரியைக்கூட விடவில்லை. ஊரில் கிடைத்த அத்தனை யோசனையிலும் உருப்படியானது அவருடையதுதான்:

"வண்டி என்னத்த வேணா இழுக்கட்டும்க்கா. தரையில மட்டும் எதையும் இழுக்கப்பிடாது."

பட்டாளத்து மாப்பிள்ளை

ஆனி மாதம் காரியாபட்டிப் பக்கம் ஒருவர், பட்டாளத்தில் கழித்த வண்டிகளை ஏலத்தில் எடுத்துச் சரிசெய்து விற்பதாகக் கேள்விப்பட்டுப் போனோம். வேப்பமரத்தடியில் குட்டை ஜீப் ஒன்று நின்றது. நீளம் குறைச்சல், உடம்பு இரும்பு, கனத்துக்குக் குறைவில்லை. டீசல் இன்ஜின். பட்டாளத்தில் பீரங்கி இழுத்ததோ, சோற்றுப் பானை இழுத்ததோ, பின்னால் உறுதியான கொக்கி இருந்தது. ஏசி இல்லை, ஸ்பீக்கர் ஒன்றுகூட இல்லை. இதில் ஏறிக் கல்யாண வீட்டுக்குப் போனால் ரெய்டு என்று நினைத்து ஓடுவார்கள் என்றார் என் வீட்டுக்காரர்.

பரமசிவம் அண்ணன் எங்கள் ஜெனரேட்டரை மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் ஓட்டினார். மேட்டில் நிறுத்தி எடுத்தார், இறக்கத்தில் பிரேக் போட்டார், ட்ரெய்லரோடு பின்னால் வந்து மரத்தடியில் கச்சிதமாக நிறுத்தினார். இருக்கையில் ஏறும்போதும் இறங்கும்போதும் அவர் முகத்தைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறும்போது ஒருதரம் கண்ணை மூடினார், அவ்வளவுதான். விற்பவர் கியர் கம்புக்குப் பக்கத்திலிருந்த இன்னொரு குட்டைக் கம்பைக் காட்டி, இதைப் பின்னால் இழுத்தால் நாலு சக்கரமும் வேலை செய்யும், சீட்டை விட்டு இறங்கவே வேண்டாம் என்றார். பேச்சியம்மாள் சொன்ன அதே வார்த்தை. எனக்கு அதற்குமேல் கேட்கத் தோன்றவில்லை. வண்டியோடு வந்த இங்கிலீஷ் புத்தகம் ஒன்று கிரீஸ் கறையோடு கிடந்தது, பழைய பேப்பருக்குப் போடுங்க என்றார்கள். அதை நான் எடுத்து என் பையில் வைத்துக்கொண்டேன்.

இந்த வண்டிதான் அண்ணாச்சி என்று பரமசிவம் அண்ணன் சொன்னார். பத்து வருஷத்தில் அவர் தன் அபிப்பிராயம் என்று ஒன்றைச் சொன்னது அதுதான் முதல் தடவை. என் வீட்டுக்காரர் வெள்ளி நிற வண்டியை மனதில் ஒருமுறை தடவிக்கொடுத்துவிட்டுச் சம்மதித்தார். சம்மதிக்கும்போது சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் அவர் சிரித்துக்கொண்டே சொல்வதைத்தான் செய்வார்:

"நீ கைகாட்டுன வண்டிப்பா. நாளைக்கு நடுக்காட்டுல நின்னுச்சுன்னா, வண்டியோட சேத்து உன்னையும் இங்கனயே கொண்டாந்து விட்டுருவேன்."

ஆற்று மணல்

ஆடிக் கடைசி வெள்ளி இருக்கன்குடியில் ஒரு அன்னதானப் பந்தலுக்கு ஜெனரேட்டர். பந்தல் ஆற்றுக்குள் போட்டிருந்தது. மணலில் ஏற்கெனவே ஒரு வேனும் இரண்டு ஆட்டோவும் அச்சுவரை புதைந்து, சுற்றிலும் மொட்டைத் தலைகள் தள்ளிக்கொண்டிருந்தன. பரமசிவம் அண்ணன் டயரில் கொஞ்சம் காற்றை இறக்கச் சொன்னார். குட்டைக் கம்பைப் பின்னால் இழுத்தார். ஜீப் அவசரப்படாமல், எருமை குளத்துக்குள் நடப்பது மாதிரி நடந்து, ஒரு டன்னையும் பந்தல் வாசலில் கொண்டுபோய் வைத்தது. யாரும் தோள் கொடுக்கவில்லை. அவர் இருக்கையிலேயே இருந்தார். நான் முறுக்கிக்கொண்டிருந்த முந்தானையை விட்டேன்.

ட்ரெய்லரைக் கழற்றி ஒயர் மாட்டும் வேலையைப் பந்தல்காரர்கள் பார்த்தார்கள். அவர்களில் பெரியவர் ஒருவர் ஒரு தூக்குவாளியில் கூழோடு என்னிடம் வந்து, ஜீப் பக்கம் தலையைச் சாய்த்து, மெதுவாகக் கேட்டார்:

"டிரைவர் இறங்காமலே உக்காந்திருக்காகளே, எங்க மேல எதுவும் வருத்தமாம்மா?"

பொட்டும் பூச்சும்

புரட்டாசியில் வண்டி சர்வீசுக்குப் போய் வந்தது. ஒர்க் ஷாப்காரர், முன்சக்கரத்தில் என்னமோ திருகிவிட்டிருக்கிறேன், டீசல் கம்மியாகக் குடிக்கும் என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறார். அவர் காதில் டீசல் கம்மி என்பது மட்டும் விழுந்திருக்கிறது.

பிறகு ஆயுத பூஜை. வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைப்பது வழக்கமாக டிரைவர் வேலை. அந்த வருஷம் பரமசிவம் அண்ணன் தயங்கி நிற்பதைப் பார்த்து, நீங்களே வையுங்க, முதலாளி கையால் வைத்தால் விருத்தி என்று என் வீட்டுக்காரரை நான்தான் கிளப்பிவிட்டேன். வருஷத்தில் ஒருநாள் குனிகிற மனிதர், குனிந்ததற்கு வட்டியும் முதலுமாக அப்பினார். நாலு சக்கரத்தின் நடுவிலும் வடை கனத்துக்குச் சந்தனம், அதன்மேல் குங்குமம். எதிர்வீட்டுக்காரர் வாசற்படியில் நின்று பொறுமையாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"அண்ணாச்சி, வண்டிக்குப் பொட்டு வச்சீகளா, பூச்சு வேல பாத்தீகளா?"

பனிமலை மேல் முழங்கால்

தீபாவளிக்குப் பத்து நாள். அதே ஆமத்தூர்ப் பக்கம், அதே அச்சாபீஸ், அதே கரிசல் பாதை, அதைவிடக் கூடுதல் மழை. சிவகாசியில் ஒரு புதுமனை புகுவிழா. போகிற வழியில் ஜெனரேட்டரை இறக்கிவிட்டுப் போகலாம் என்று நாங்கள் இருவரும் அந்த ஜீப்பிலேயே ஏறியிருந்தோம். அவர் பட்டுக்கரை வேட்டி, நான் அரக்குப் பட்டு. போன வருஷம் மாட்டிய அதே இடத்தில் பின்சக்கரம் வழுக்கியது. பரமசிவம் அண்ணன் பதறாமல் குட்டைக் கம்பை இழுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. தள்ளிவிட்டு மறுபடி இழுத்தார். பின்சக்கரம் இரண்டும் இன்னும் கொஞ்சம் இறங்கின.

என் வீட்டுக்காரர் வாட்சைப் பார்த்தார். அச்சாபீசிலிருந்து இரண்டாவது தடவை போன் வந்தது. மூன்றாவது தடவை அடித்தபோது அவர் எடுக்கவில்லை, பரமசிவம் அண்ணனிடம் சாதாரணக் குரலில், திங்கக்கிழமை சாவியை வீட்டில் கொடுத்துவிடு என்றார். வண்டி காரியாபட்டிக்கே போகட்டும், நீயும் வேறு பார்த்துக்கொள் என்றார். பரமசிவம் அண்ணன் இன்ஜினை ஓடவிட்டபடியே, லோடுமேனைக் கூப்பிடுங்க, நான் பின்னால் தோள் கொடுக்கிறேன் என்று கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே தொங்கவிட்டார்.

"அண்ணே, இறங்காதீக," என்றேன். கணவர் பக்கம் திரும்பி, ஒரு வருஷமாக வைத்திருந்த மறுபாதியைச் சொல்லிவிட்டேன். அவருக்கு முதுகு போய் ஒரு வருஷமாகிறது, போனது இதே இடத்தில், தள்ளியது உங்கள் ஜெனரேட்டரை. என் வீட்டுக்காரர் கதவுக்கு வெளியே தொங்கிய அந்தக் காலைப் பார்த்தார்.

அதற்குள் அச்சாபீஸ் பெண்கள் தாள்கட்டோடு ஓடி வந்துவிட்டார்கள். போன வருஷம் மகாலட்சுமியை அணைத்துக்கொண்டு போனவள்தான் முன்னால். இந்த வருஷம் முழுக்க அந்தப் பனிமலைத் தாள் கழியக் கழிய, ஜெனரேட்டர் அக்கா வருவாக என்று தனியாக எடுத்து வைத்திருந்தாளாம். மூன்று கட்டு. சாமி ஒன்றுகூட இல்லை.  நான் இறங்கி முன்பக்கம் போனேன். கம்பை இன்னொரு தரம் இழுத்துக் கொடுக்கச் சொன்னேன். பின்சக்கரம் சேற்றை வாரி இறைத்தது. முன்சக்கரமோ குங்குமப் பொட்டோடு என்னைப் பார்த்தபடி அசையாமல் நின்றது.

அந்தப் பொட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஒரு பகல் முழுக்கக் கரண்ட் இல்லாத நாளில், வேறு படிக்க ஒன்றுமில்லாமல் அந்தக் கிரீஸ் புத்தகத்தைப் படித்திருந்தேன். முன்சக்கரத்தின் நடுவில் ஒரு குமிழ். ஒருபக்கம் திருகினால் சக்கரம் தனியாக உருளும், மறுபக்கம் திருகினால் இன்ஜினோடு சேரும். சேராமல் கம்பை மட்டும் இழுத்தால் ஒன்றும் நடக்காது. விற்றவர் சேர்த்து வைத்தே கொடுத்திருந்தார், அதனால் இருக்கன்குடியில் இறங்காமலே ஏறியது. சர்வீசில் டீசலுக்காகப் பிரித்திருக்கிறார்கள். அதன்மேல் முதலாளி கைச்சந்தனம் காய்ந்து சிமெண்டாகிவிட்டது. அது சாமிப் பொட்டு, யார் சுரண்டிப் பார்ப்பார்கள்?

பனிமலைத் தாளை மடித்துப் போட்டு அதன்மேல் முழங்காலிட்டேன். தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துச் சந்தனத்தை ஊறவிட்டு, தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவிச் சுரண்டினேன். தப்பா எடுத்துக்காதீங்க என்று சாமியிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டேன். குமிழ் தெரிந்தது. முந்தானையைச் சுற்றிப் பிடித்துத் திருகினேன், டக்கென்று சேர்ந்தது. அந்தப் பக்கத்துச் சக்கரத்துக்கும் அதே கட்டு, அதே ஊசி. எழுந்தபோது அரக்குப் பட்டு முழங்காலுக்குக் கீழே கரிசல் பட்டாகியிருந்தது.

இப்போ இழுங்கண்ணே என்றேன். பரமசிவம் அண்ணன் தொங்கிய காலை உள்ளே எடுத்துக் கதவைச் சாத்தினார். முன்சக்கரம் இரண்டும் ஒரு கணம் யோசித்து, பிறகு மண்ணைக் கடித்தன. ஜீப் சேற்றிலிருந்து முதலில் மூக்கை எடுத்தது, பிறகு உடம்பை, பிறகு பின்னால் ஒரு டன்னை. பெண்கள் தள்ளுவதற்காக நீட்டிய கைகளை அப்படியே மடக்கிக்கொண்டார்கள். அச்சாபீஸ் வாசலில் வண்டி நின்றபோதும் அவர் இறங்கவில்லை, இறங்கத் தேவையும் இருக்கவில்லை.

என் வீட்டுக்காரர் சேற்றில் நடந்தே பின்னால் வந்து சேர்ந்தார், பட்டுக்கரை கறுப்புக்கரை ஆகியிருந்தது. முன்சக்கரத்தையும் என் கையிலிருந்த ஊசியையும் மாறி மாறிப் பார்த்தார். யாரிடமென்றில்லாமல், சந்தனத்தை யார் இம்புட்டு அப்பியது என்று கேட்டார். நாங்கள் எல்லாரும் வானத்தைப் பார்த்தோம். சாவி பற்றி அவரும் அதற்குப்பிறகு பேசவில்லை, திங்கட்கிழமை யாரும் சாவி கொண்டுவரவும் இல்லை. ஸ்டியரிங்கில் கைவைத்தபடி பரமசிவம் அண்ணன்தான் அன்றைக்கு அவருக்குப் பதில் சொன்னார்:

"சாமி காரியம் அண்ணாச்சி, விடுங்க."

ஆகவே, இழுவைக்கு வண்டி பார்க்கப் போகும் சகோதரிகளே, இன்ஜினை ஆம்பளைகள் தட்டிப் பார்க்கட்டும், டயரை உதைத்துப் பார்க்கட்டும், நீங்கள் மட்டும் பழைய பேப்பருக்குப் போடச் சொன்ன அந்தப் புத்தகத்தையும் தலையில் ஒரு கொண்டை ஊசியையும் விடாமல் வைத்துக்கொள்ளுங்கள்.